பாய்மரத்தில் ஏறும் பிள்ளைகள்

உங்கள் மகனோ மகளோ ஒருநாள் வந்து, "அப்பா, நான் பாய்மரக் கப்பலில் பயிற்சிக்குப் போகிறேன்" என்று சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? "விமானம் பறக்கிற காலத்தில் பாய்மரக் கப்பலா? போய் வேலையைப் பார்!" என்றுதானே?

அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் நமது மலேசியக் கடற்படையே அப்படியொரு கப்பலை வாங்கியது. அதன் பெயர் 'துனாஸ் சமுத்ரா'. துனாஸ் என்றால் இளங்குருத்து. சமுத்ரா நமக்குத் தெரிந்த சமுத்திரமேதான். இங்கிலாந்தின் லோவஸ்டாஃப்ட் நகரில் கட்டப்பட்ட இந்தக் கப்பலை, 1989 அக்டோபரில் நமது மாமன்னரும் எலிசபெத் மகாராணியாரும் சேர்ந்து கடற்படையில் இணைத்தார்கள். இரண்டு பாய்மரங்கள், 44 மீட்டர் நீளம். இதே அச்சில் வார்த்ததுபோல, இதற்கு முன்பே ஒரு கப்பலை அதே ஊரில் கட்டி, 1988இல் ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாக அளித்தது பிரிட்டன். அதன் பெயர் 'யங் எண்டெவர்'.

அந்த ஆஸ்திரேலியக் கப்பலில் ஒரு பயணத்துக்கு 24 பேர் ஏறினார்கள். வயது 16 முதல் 23. ஆண்பிள்ளைகள் மட்டுமல்ல, பெண்பிள்ளைகளும்தான். பெரும்பாலோர் அதற்குமுன் பாய்க்கயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள்!

முதல் இரண்டு நாள் கடல் மயக்கம். சோறு தண்ணீர் இறங்காது. அதற்காக வேலை நிற்குமா? பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்துவிடுவார்கள். இரவும் பகலும் முறை மாறி மாறிக் காவல். நடுச்சாமத்தில் தட்டி எழுப்பினால் எழுந்து போக வேண்டியதுதான். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பழகிய உங்களுக்கு அந்தத் தூக்கக் கலக்கம் எப்படியிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை!

கப்பலில் எங்கு பார்த்தாலும் கயிறுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வேலை, கட்டி வைக்க ஒரு முளை. இருட்டில் கையால் தடவியே சரியான கயிற்றைப் பிடிக்கவேண்டும். மரம் சீவுகிறவர் இருட்டிலும் தன் நிரையைத் தவறவிடுவதில்லை அல்லவா, அதுபோலத்தான். தப்பான கயிற்றை அவிழ்த்துவிட்டால், மேலே பாயோடு நிற்கிறவன் பாடு ஆபத்தாகிவிடும்.

மேலே என்றேனே, அதுதான் தாய்மார் வயிற்றைக் கலக்கும் இடம். மரத்தின் உயரம் சுமார் 34 மீட்டர்; ஏறக்குறைய ஒரு பத்து மாடிக் கட்டடம். காற்று முதுகில் அடிக்கிற பக்கமாகத்தான் ஏறவேண்டும். அப்போதுதான் காற்றே ஆளைக் கயிற்றேணியோடு சேர்த்து அழுத்தும். குறுக்குக் கம்புக்குப் போனால் அதன் கீழே தொங்கும் ஒற்றைக் கயிற்றில் கால் வைத்து நிற்கவேண்டும். ஒருவர் கால் வைத்தால் எல்லோர் காலும் ஆடும். அதனால் வைக்குமுன் குரல் கொடுத்துச் சொல்லவேண்டும். இடுப்பில் பாதுகாப்பு வாரும் கொக்கியும் உண்டு. 'ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு' என்பது மாலுமிகளின் பழைய சட்டம்.

பயம் வீண் பயமல்ல. 1957 செப்டம்பரில் 'பாமிர்' என்ற ஜெர்மன் பயிற்சிக் கப்பல் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கி மூழ்கியது. இருந்தவர்கள் 86 பேர். அவர்களில் பாதிக்கு மேல் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள். பிழைத்தவர்கள் ஆறே பேர்! பார்லி தானியத்தின் பெரும்பகுதியை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றியிருந்தார்கள். கப்பல் சாய்ந்ததும் தானியமும் ஒருபக்கமாகச் சரிந்தது. பிறகு நிமிரவே இல்லை. பிள்ளைகளைப் பயிற்சிக்கு ஏற்றிக்கொண்டு சரக்குக் கூலிக்கும் ஓட்டியது பெரிய பிழை என்பது என் எண்ணம். ஆனாலும் ஜெர்மன் கடற்படை பாய்மரத்தைக் கைவிடவில்லை. மறு ஆண்டே 'கோர்ச் ஃபோக்' என்ற பயிற்சிக் கப்பலை வெள்ளோட்டம் விட்டது. சரக்கு ஏற்றும் கப்பலல்ல அது. பாதுகாப்பையும் கூட்டிக் கட்டினார்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம்? இயந்திரக் கப்பலில் ஒருவர் விசையைத் தட்டினால் போதும். பாய்மரக் கப்பலில் பெரிய பாயை ஏற்றப் பத்துப் பேர் ஒரே மூச்சில் இழுத்தால்தான் நடக்கும். டாக்டர் மகனென்றும் கூலிக்காரர் மகளென்றும் கயிற்றுக்குத் தெரியுமா?

யங் எண்டெவரில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பயணம் முடியுமுன் ஒரு முழு நாள் கப்பலைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவார்கள். ஓட்டுப் போட்டுத் தங்களுக்குள் ஒரு கேப்டனையும், திசை பார்ப்பவரையும், சமையல்காரரையும்கூட அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கடற்படைக்காரர்கள் ஒதுங்கி நிற்பார்கள். ஆபத்து என்றால்தான் வாய் திறப்பார்கள். ஒரு வாரத்துக்கு முன்பு வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்த பிள்ளை, அன்று நின்று உத்தரவு போடும்: "பாயை ஏற்று!"