விடியற்காலைத் தும்மலுக்கு மருந்து உண்டு

எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு. வெயில் ஏறினால் கொஞ்சம் அடங்கும். மறுநாள் விடிந்ததும் மீண்டும் ஆரம்பிக்கும். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் எத்தனையோ பேர் இதை "சைனஸ்" என்று சொல்லிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பொறுத்துப் போகிறார்கள். இதில் பெரும்பகுதி ஒவ்வாமை. பொறுத்துப் போக வேண்டிய நோயே அல்ல இது.

ஜான் பாஸ்டாக் என்ற லண்டன் மருத்துவர் 1819இல் தம் சொந்த மூக்கையும் கண்ணையும் பற்றி எழுதியபோது, அது கோடையில் வந்து போகும் நோயாக இருந்தது. குளிர்நாடுகளில் மகரந்தத்துக்கு ஒரு பருவம் உண்டு. நமக்கு ஆண்டு முழுவதும் ஈரமும் வெப்பமும்தான். தூசி உண்ணிக்கு வேண்டியதும் அதுவே. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள இந்த உயிர், நம் தோலிலிருந்து உதிரும் செதிளைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இதுவே முக்கியக் காரணம் என்று 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். உண்ணி கடிப்பதில்லை. அதன் கழிவில் உள்ள ஒரு நொதி மூக்கின் உட்சவ்வில் செல்களுக்கு இடையிலான பிணைப்பை அறுத்து உள்ளே புகுகிறது. அதை எதிரியாகக் கருதும் உடல் 'ஐஜிஇ' என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அடுத்தமுறை அதே தூசி பட்டதும் ஹிஸ்டமின் வெளியேறி, மூக்கும் கண்ணும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படுகின்றன.

வெப்பமண்டலத்துக்கே உரிய 'ப்ளோமியா ட்ராபிகாலிஸ்' என்ற இன்னோர் உண்ணியும் மலேசியாவில் பரவலாக இருக்கிறது. ஐரோப்பிய வீடுகளை மனத்தில் வைத்துத் தயாரித்த பரிசோதனைப் பட்டியலில் அது விடுபட்டுப்போகலாம். தோல் பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன், ப்ளோமியாவும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

புகை ஒவ்வாமையை உண்டாக்காவிட்டாலும் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கை மேலும் புண்படுத்தும். 2005 ஆகஸ்ட் 11 அன்று போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் புகைமூட்டத்துக்காக அவசரநிலையே அறிவித்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் சன்னலை மூடிக்கொள்கிறோம். அதே அறையில் இரவெல்லாம் கொசுவத்தி எரிகிறது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வு, ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கணக்கிட்டது. மலேசிய ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றார்கள். பிள்ளை தூங்கும் அறையில் சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி போடும் வெள்ளிக்கிழமைகளில் கதவைத் திறந்து வையுங்கள். பூசை நின்றுபோக வேண்டியதில்லை.

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் உண்ணி சாகும். உண்ணியைத் தடுக்கும் மெத்தை உறையை மட்டும் வாங்கிப் போட்டால் போதாது. 2003இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், அந்த உறை உண்ணிப் பொருளைக் குறைத்தது. நோயாளியின் தொல்லையைக் குறைக்கவில்லை. வீடு தேடி வந்து, மெத்தையை உறிஞ்சிக் கறுப்புத் தூசியைக் காட்டி, ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்கு இயந்திரம் விற்பவரிடம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டாலும் வழி இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் ஒப்பந்தத்தை ரத்து செய்ய 10 வேலை நாள் அவகாசம் தருகிறது. விற்றவர் மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் போடலாம்.

மருந்து என்று வந்தால், தொடர்ந்து தொல்லை தரும் மூக்கு ஒவ்வாமைக்கு முதலில் நிற்பது ஃப்ளுட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேதான். ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டதும் பலர் பயந்துவிடுகிறார்கள். அது மூக்கோடு நின்றுவிடுகிறது, இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஆனால் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டு "கேட்கவில்லை" என்று எறிந்துவிடுகிறோம். வலக் கையால் இடப்பக்க மூக்கிலும், இடக் கையால் வலப்பக்க மூக்கிலும் அடித்தால் மருந்து நடுத்தண்டில் படாமல் பக்கச் சுவரில் படும். இரத்தக் கசிவும் குறையும்.

உடனே மூக்கைத் திறந்துவிடும் ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்து வேறு வகை. நான்கைந்து நாளுக்கு மேல் போனால் அதுவே அடைப்பை உண்டாக்கும். குளோர்பெனிரமின் மாத்திரை தூக்கம் வரவழைக்கும். துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர் அதைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறக் கூடாது. அவ்வளவாகத் தூக்கம் தராத லோராட்டடின் போன்றவற்றைக் கேட்டு வாங்கலாம்.

எனக்கு மிகுந்த கவலை தருவது கண் மருந்து. ஸ்டீராய்டு கலந்த சொட்டு ஒரே நாளில் சிவப்பை எடுத்துவிடும். அதனால் பழைய குப்பியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விடுகிறார்கள். கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு வலியில்லாமலே அழியும், புரையும் வரும். போன பார்வை நரம்பு திரும்புவதில்லை. மருத்துவர் சீட்டில்லாமல் அதை விற்பது 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி குற்றம். சாதாரண அரிப்புக்கு ஒலோபட்டடின், கெட்டோடிஃபென் சொட்டுகளும் குளிர்ந்த ஒத்தடமும் போதும். ஓயாமல் கண்ணைக் கசக்கும் பிள்ளையைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கசக்கக் கசக்கக் கருவிழி கூம்பிப்போகும் நோய் வரக்கூடும்.

பசார் மாலாமிலும் கைப்பேசி விளம்பரத்திலும் மூக்குத் தொல்லைக்கான 'ரெஸ்டுங்' மருந்து என்று விற்கும் மூலிகை மாத்திரைகள் இன்னொரு வலை. பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளைக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. ஒரு மாத்திரையில் மூக்கு திறந்தால் அதை மூலிகையின் மகிமை என்று நம்பிவிடாதீர்கள். 'மால்' என்று தொடங்கும் பதிவெண்ணும் பாதுகாப்பு ஹோலோகிராமும் பெட்டியில் இருக்க வேண்டும். பதிவெண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையப் பக்கத்தில் நீங்களே சரிபார்க்கலாம். கண் நோயையும் ஆஸ்துமாவையும் குணமாக்குவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது.

செலவுக்குப் பயந்தும் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் மருத்துவமனையிலோ, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலோ நிபுணரைப் பார்க்கலாம். தனியார் கிளினிக்குகளும் பார்மசிகளும் 2025 மே 1 முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைத்தாக வேண்டும். விலையைப் பார்த்துவிட்டு, சீட்டை மட்டும் எழுதித் தரக் கேட்டு, மருந்தை வெளியே வாங்கலாம்.

மருந்துக்கு அடங்காதவர்களுக்கு, ஒவ்வாத பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. 1911இல் லண்டனில் லெனார்ட் நூன் தொடங்கிய வழி அது. இப்போது நாக்கின் அடியில் வைக்கும் வடிவிலும் உண்டு. ஏறக்குறைய மூன்று ஆண்டு தொடர வேண்டும், விலையும் அதிகம். ஆகவே எந்த உண்ணி என்று பரிசோதித்து உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும்.

மூக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளை இரவில் இருமினாலோ, ஓடும்போது நெஞ்சில் வீசிங் சத்தம் கேட்டாலோ ஆஸ்துமாவும் சேர்ந்திருக்கலாம். மூச்சுவிடவே திணறினால் கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் 999ஐ அழையுங்கள்.