பழைய ஐரோப்பிய கார்: முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

புதிதாக வந்தபோது இருபது, முப்பது லட்சம் ரூபாய்க்கு விற்ற ஸ்கோடா சூப்பர்ப், ஆடி ஏ4, பி.எம்.டபிள்யூ. 320டி போன்ற செடான் கார்கள், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்ததும் ஒரு புது மாருதியின் விலைக்கே கிடைக்கின்றன. ஆனால் விலை இறங்குவது காருக்கு மட்டும்தான், உதிரிபாகங்களுக்கு அல்ல. கியர்பாக்ஸோ டைமிங் செயினோ போனால், முப்பது லட்ச ரூபாய் காருக்கு ஆகும் செலவுதான் ஆகும். இது தெரியாமல் சேமிப்பைக் கொட்டி வாங்கிவிட்டு, வண்டியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கும் குடும்பங்கள் பல.

ஆந்திரத்தின் பங்காருபாளையம், சித்தூருக்கும் பலமநேருக்கும் இடையே, சென்னை–பெங்களூரு சாலையில் இருக்கிறது. இங்கே பழைய சொகுசு கார் தேடுபவருக்கு இரண்டு பெருநகரச் சந்தைகளும் சில மணி நேரத் தொலைவுதான். வசதிதான், ஆனால் அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. வேறு மாநிலப் பதிவு, அறிமுகமில்லாத விற்பனையாளர், வெள்ளத்தில் நனைந்த வண்டி என்று மூன்று சிக்கல்களும் இந்தச் சாலை வழியாகவே வரக்கூடும். பெரும்பாலான ஐரோப்பிய கார்களுக்கு, பழுது என்றால் பெங்களூருவுக்கோ சென்னைக்கோதான் இழுத்துச் செல்ல வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

முதலில் தாள்கள்

வண்டியைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். பதிவெண்ணை பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ போட்டால் பதிவு நாள், இன்சூரன்ஸ், வங்கிக் கடன் பதிவு ஆகியவை தெரியும். போக்குவரத்து அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் பார்க்கலாம்.

கடனில் வாங்கிய வண்டி என்றால், வங்கி தரும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். கர்நாடகப் பதிவு, தமிழ்நாட்டுப் பதிவு எதுவானாலும், அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. (படிவம் 28) இல்லாமல் ஆந்திரத்தில் பெயர் மாற்ற முடியாது. என்.ஓ.சி. பிறகு வரும் என்ற வாய்ச்சொல்லை நம்பி முழுத் தொகையைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆந்திரத்தில் கட்ட வேண்டிய ஆயுட்கால வரி எவ்வளவு என்பதைச் சித்தூர் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும்; 2011-இல் பதிவான கார் 2026-இல் தகுதிச் சோதனைக்குப் போய்ப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இந்த மறுபதிவுக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய். முழுதாக இறக்குமதியான காருக்கு 40,000 ரூபாய்.

வெள்ளம் பார்த்த வண்டி

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னை மூழ்கியது. 2022 செப்டம்பரில் பெங்களூருவின் எமலூர், பெல்லந்தூர்ப் பகுதிகளில் சொகுசு கார்கள் வரிசையாகத் தண்ணீரில் நின்றதை நாடே பார்த்தது. இப்படி நனைந்த கார்களை இன்சூரன்ஸ் நிறுவனங்கள் முழு இழப்பாகக் கணக்கெழுதி ஏலத்தில் விடுவதுண்டு. அவற்றில் சில கழுவித் துடைக்கப்பட்டு மறுபடி சந்தைக்கு வருகின்றன. ஐரோப்பிய கார்களில் கன்ட்ரோல் யூனிட்டுகளும் வயரிங்கும் அதிகம். நனைந்த வயரிங் இன்று வேலை செய்யும், ஓராண்டில் பச்சை பூத்து அறுந்துவிடும்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத அந்த அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் மண் படிந்திருக்கிறதா பாருங்கள். சீட்டின் அடியில் உள்ள இரும்புத் தடங்களில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கறை, தரைவிரிப்பில் புழுங்கல் நாற்றம் ஆகியவையும் அடையாளங்கள். பழைய பாலிசியைக் கேட்டு வாங்கி 'நோ கிளெய்ம் போனஸ்' எவ்வளவு என்று பாருங்கள். பல ஆண்டு ஓடிய காருக்கு அது பூஜ்யம் என்றால், முந்தைய ஆண்டில் இன்சூரன்ஸ் பணம் வாங்கியிருக்கக்கூடும். எதற்கு வாங்கினார்கள் என்று கேளுங்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும்

வண்டியைக் காலையில், எஞ்சின் சூடேறாதபோது பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே பானெட் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் டைமிங் செயினின் கடகடப்புக் கேட்கும். 2007-ஐ ஒட்டி வந்த பி.எம்.டபிள்யூ. என்.47 டீசல் எஞ்சினில் இந்தச் செயின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். பழைய 1.8 டி.எஸ்.ஐ. பெட்ரோல் எஞ்சின்களில் செயின் டென்ஷனர் தளர்வதும் ஆயில் குடிப்பதும் தெரிந்த குறைகள். ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். டைமிங் பெல்ட் உள்ள டீசல் கார் என்றால், பெல்ட் மாற்றிய பில் வேண்டும்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வரும் ஏழு கியர் உலர்-கிளட்ச் டி.எஸ்.ஜி. (டி.கியூ.200) கியர்பாக்ஸுக்குத் தனிக் கவனம் தேவை. கியர் மாற்றத்தை இயக்கும் இதன் மெகட்ரானிக் யூனிட்டில் வந்த கோளாறுகளால் 2013-இல் உலகெங்கும் பல லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மெதுவாக நகரும்போது முதல் இரண்டு கியர்களில் நடுக்கமோ, ரிவர்ஸ் போட்டதும் தாமதமோ இருந்தால் வாங்காதீர்கள். கார் உங்கள் ஊருக்கே வந்தால், பக்கத்திலுள்ள மொகிலி மலைச்சாலையில் ஏற்றிப் பாருங்கள். அந்த ஏற்றத்தில் கியர் நடுக்கமும் எஞ்சின் சூடும் தெரிந்துவிடும், இறக்கத்தில் பிரேக் தெரிந்துவிடும். விபத்துகள் நடக்கும் சாலை என்பதால் நிதானமாகவே ஓட்டுங்கள்.

மீட்டரை நம்பலாமா?

மீட்டரைத் திருப்புவது இன்று ஒரு லேப்டாப்பில் முடிகிற வேலை. ஆனால் கன்ட்ரோல் யூனிட்டுகள் அனைத்திலும் திருத்துவது எளிதல்ல. பழுது பதிவான நேரத்தின் கிலோமீட்டர் சில யூனிட்டுகளில் தங்கிவிடும். ஐரோப்பிய கார் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். ஸ்கேனில் ஒரு பழுதும் இல்லை, ஆனால் காரின் சுயபரிசோதனைகள் முடியவில்லை என்று வந்தால், பழுதுப் பதிவுகளை அண்மையில் அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சேஸிஸ் எண்ணைச் சொல்லி, அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் சர்வீஸ் வரலாற்றையும் கேளுங்கள். உரிமையாளரே உடன் வந்து கேட்டால் எளிதில் கிடைக்கும்.

திரும்ப அழைப்பு எதுவும் பாக்கி இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்கலாம். புகை அளவை மறைக்கும் மென்பொருள் விவகாரத்தில், 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் இந்தியாவில் சுமார் 3.23 லட்சம் டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்கோடா, ஆடி கார்களும் அதில் உண்டு. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்துக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நீங்கள் பார்க்கும் கார் அதில் ஒன்றானால், திருத்தம் செய்யப்பட்டதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர் மாறினால்தான் கார் உங்களுடையது

வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது (நவீன் குமார் எதிர் விஜய் குமார்). ஆகவே விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ நிரப்பாமல் வெறும் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாவிட்டால், உங்கள் காருக்கான இழப்பீடு மறுக்கப்படலாம்.

கார் கன்சல்டிங் கடையில் வாங்குபவர்கள், அவர்களிடம் ஆர்.டி.ஓ. தந்த அங்கீகாரச் சான்று (படிவம் 29பி) இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன விற்பனையாளர்களுக்கு இது கட்டாயம்.

ஏமாந்தால் என்ன செய்வது?

'வெள்ளத்தில் நனையவில்லை, பெரிய விபத்தில்லை, மீட்டர் உண்மையானது, கடன் இல்லை' என்று விற்பவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட தாளை வாங்கி வைத்திருங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் இவை இரண்டும்தான் சாட்சி.

சொந்த உபயோகத்துக்காகக் கடையில் வாங்கிய கார் என்றால் நீங்கள் நுகர்வோர். குறை தெரிந்ததும் படம் எடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பெங்களூருக் கடைக்காரர் சித்தூருக்கு வந்து பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தனி ஆளிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் உதவாது, சிவில் நீதிமன்றம்தான் வழி. மீட்டரைத் திருப்பியதோ போலி ஆவணம் தந்ததோ தெரியவந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின்கீழ் மோசடி என்று காவல் நிலையத்தில் புகார் தரலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ஐ அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம்.

மெக்கானிக்குக்கும் ஸ்கேனருக்கும் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அந்தச் செலவைச் செய்ய விடாமல் அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம், கார் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.