காற்று வீசும்போதே காற்றாலையை நிறுத்துவது ஏன்?

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும் மாதங்களிலேயே காற்றாலைகள் சில வேளைகளில் நிறுத்தப்படுவதற்குக் காரணம், மின்தொகுப்பில், அதாவது மின்நிலையங்களையும் நுகர்வோரையும் இணைக்கும் கம்பிவலையில், உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும் என்பதே.

மிச்சத்தை எடுத்துவைக்கப் பாத்திரமே இல்லாத கல்யாணப் பந்தியை எண்ணிப் பாருங்கள்: இலை முன் அமர்ந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அந்தக் கணமே சமைத்தாக வேண்டும், கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல். மின்தொகுப்பில் இச்சிக்கல், நொடிக்கு 50 சுழற்சிகள் என்றிருக்க வேண்டிய அலைவெண் ஏறுவதாகவோ இறங்குவதாகவோ வெளிப்படுகிறது.

காற்றோ நினைத்தபோது வந்து நினைத்தபோது போகும் சமையல்காரர். அவருக்கு வழிவிட்டு அனல்மின் நிலையம் ஒதுங்கலாமே எனில், நிலக்கரிக் கொதிகலனின் உற்பத்தியை ஓரளவுக்குக் கீழே தணிக்க இயலாது. முற்றிலும் அணைத்துவிட்டால், மீண்டும் சூடேற்றப் பல மணி நேரமும் மிகுதியான எரிபொருளும் செலவாகும். காற்று இலவசம் என்று போடப்படும் கணக்கில் விடுபடுவது இந்தச் செலவுதான்.

மிகுமின்சாரத்தை வெளிமாநிலங்களுக்கு அனுப்பவும் பாதை வேண்டும். சத்தீஸ்கரின் ராய்கரையும் தமிழ்நாட்டின் புகளூரையும் இணைக்கும் உயரழுத்த நேர்மின்னோட்டப் பாதையின் நீளம் மட்டும் ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர்.

பாத்திரம் அறவே இல்லை என்பதும் சரியன்று. ஆனைமலைப் பகுதியில் 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நிலையம், மிகும் மின்சாரத்தால் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும் வேளையில் அதையே கீழே பாயவிட்டு மின்சாரமாக மீட்கிறது; ஆயினும் ஏற்றச் செலவிட்டதில் ஒரு பகுதி திரும்புவதில்லை.