இடுப்பு மூட்டு மாற்றியிருக்கீங்களா? அந்தச் சின்ன ஸ்டிக்கரைத் தொலைச்சிடாதீங்க!

"ஆபரேஷன் முடிஞ்சு பத்து வருஷம் ஆச்சு, நல்லாத்தான் நடக்கிறேன். இனிமே எதுக்கு ஆஸ்பத்திரி?" இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் செயற்கை மூட்டின் தேய்மானம் பல நேரம் வலி இல்லாமலேயே தொடங்கும். அதை முதலில் காட்டிக்கொடுப்பது எக்ஸ்ரேதான்.

எலும்போடு எப்படிப் பிடிக்க வைக்கிறார்கள்?

செயற்கை மூட்டில் இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம், தொடை எலும்புக்குள் ஒரு தண்டு, அதன் நுனியில் ஒரு பந்து இருக்கும். இதைப் பொருத்த இரண்டு முறைகள் உண்டு.

சிமெண்ட் முறை: இது வீடு கட்டும் சிமெண்ட் இல்லீங்க, ஒரு வகை அக்ரிலிக் பிளாஸ்டிக். மாவு பதத்தில் வைத்தால் சில நிமிடங்களில் இறுகி, எலும்புக்கும் மூட்டுக்கும் நடுவில் உள்ள இடத்தை நிரப்பிவிடும். எலும்பு பலவீனமான முதியவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பொருந்தும்.

சிமெண்ட் இல்லாத முறை: டைட்டானியத்தின் சொரசொரப்பான மேற்பரப்பில் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். இதற்குச் சில மாதங்கள் ஆகும். வயது குறைந்தவர்களுக்கு இது அதிகம் பயன்படுகிறது.

சிலருக்கு இரண்டையும் கலந்து, கிண்ணத்துக்கு ஒரு முறை, தண்டுக்கு ஒரு முறை என்றும் செய்வார்கள்.

தேய்மானம் எங்கிருந்து வருது?

இங்கிலாந்தில் டாக்டர் ஜான் சார்ன்லி 1962-ல் பாலிஎத்திலீன் கிண்ணம், உலோகப் பந்து, சிமெண்ட் மூன்றையும் சேர்த்து நவீன இடுப்பு மூட்டை உருவாக்கினார். பின்னாளில் சிலருக்கு மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்தபோது, பழி சிமெண்ட் மேல் விழுந்தது. 'சிமெண்ட் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் சிமெண்ட் இல்லாத மூட்டுகளிலும் அதே பிரச்சினை வந்தது! முக்கியக் காரணம், கிண்ணத்திலிருந்து தேய்ந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள். உடலின் பாதுகாப்பு அணுக்கள் அவற்றை விழுங்கும். ஆனால் செரிக்க முடியாது. அதனால் வரும் அழற்சி, எலும்பை மெல்லக் கரைத்து மூட்டைத் தளர்த்துகிறது.

அப்போ பொருத்தும் முறைக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. சிமெண்ட் சில்லு உதிர்ந்து பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் சிக்கினால், கிரைண்டரில் மணல் விழுந்த மாதிரி உரசி, தேய்மானத்தைக் கூட்டும். சிமெண்ட் இல்லாத உலோகக் கிண்ணத்தில், திருகு போட விட்ட துளைகள் வழியாகத் துகள்கள் எலும்பை எட்டலாம். எலும்பு நன்றாகப் பிடித்துக்கொண்டால் துகள்கள் போகும் வழி அடைபடும்.

நல்ல செய்தி: பழைய பிளாஸ்டிக் ஆண்டுக்குச் சுமார் 0.1 மி.மீ. தேய்ந்தது. 1990-களின் இறுதியில் வந்த வலுவூட்டப்பட்ட பிளாஸ்டிக் அதைவிட மிகக் குறைவாகவே தேய்கிறது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, 100 இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 மூட்டுகள் 25 ஆண்டுகள் உழைக்கின்றன.

ஸ்டிக்கர் ஏன் முக்கியம்?

2010-ல் உலோகத்தோடு உலோகம் உரசும் ஒரு வகை மூட்டை, அதன் நிறுவனமே உலகெங்கும் திரும்பப் பெற்றது. நம் உடம்பில் இருப்பது எந்த வகை என்று ஸ்டிக்கரைப் பார்த்தால் உடனே தெரியும். மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும், டாக்டர் முதலில் கேட்பது அந்த விவரத்தைத்தான்.

நீங்க செய்ய வேண்டியது:

• மூட்டின் நிறுவனம், மாடல், அளவு, தொகுதி எண் உள்ள ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.
• போனில் படம் எடுத்து, டிஜிலாக்கரில் பதிவேற்றி வையுங்கள்.
• "சிமெண்ட் வச்சதா, வைக்காததா?" என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.
• வலி இல்லாவிட்டாலும், டாக்டர் சொன்ன இடைவெளியில் எக்ஸ்ரே எடுங்கள்.
• தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ புது வலி, கால் குட்டையானது போன்ற உணர்வு, காய்ச்சல் இருந்தால் தாமதிக்காதீர்கள்.

மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிய விவரங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

வீட்டில் அப்பாவோ பாட்டியோ மூட்டு மாற்றியிருந்தால், இன்றைக்கே அந்த ஃபைலை எடுத்துப் பாருங்க.