விளக்கை அணைத்தால் பழுது தீருமா?

காலையில் செனாயிலிருந்து ஜொகூர்பாருவுக்கு வேலைக்குப் புறப்படும் ஒருவரின் காரில், இன்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிகிறது. மாலையில் பட்டறைக்குப் போகிறார். மெக்கானிக் ஒரு கருவியைச் செருகி விளக்கை அணைத்துத் தருகிறார். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் அதே விளக்கு மீண்டும் எரிகிறது. இந்த முறை புதிய சென்சார் ஒன்று மாட்டப்படுகிறது. பணம் போனது, விளக்கு மட்டும் போகவில்லை. வாகனமோட்டிகள் பலர் அனுபவித்த கதைதான் இது.

விளக்கு ஏன் வந்தது?

வாகனப் புகையைக் கட்டுப்படுத்தத்தான் இந்த விளக்கு முக்கியமாக வந்தது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஓபிடி 2 எனப்படும் சுயபரிசோதனை முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் 2001-இல் பெட்ரோல் கார்களுக்கு இது போன்ற விதி வந்தது. காரின் கணினி பல சென்சார்களைக் கவனித்து, கோளாறு தெரிந்தால் ஒரு குறியீட்டு எண்ணைப் பதிந்துகொண்டு விளக்கை எரிய விடுகிறது.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கருவியால் அழிக்கப்படுவது அந்தப் பதிவு மட்டுமே. பழுது அப்படியே இருக்கிறது. பல கோளாறுகளில், அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தவறு தெரிந்த பிறகே கணினி விளக்கை எரிய விடும். சில சோதனைகளுக்கு இன்ஜின் நன்கு சூடேறி, கார் ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் காரில் இந்தச் சோதனைகள் முடியவே பல நாட்கள் ஆகலாம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஓடும் காரில் சீக்கிரமே முடிந்துவிடும். "சரியாகிவிட்டது" என்று நினைத்த அந்த இரண்டு நாளில், கணினி இன்னும் சோதித்துக்கொண்டுதான் இருந்தது.

எண் என்ன சொல்கிறது?

குறியீட்டு எண் புகார் எங்கே என்று சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. பி0420 என்ற எண்ணைப் பாருங்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் உள்ளதால் இந்தப் பாகத்தின் விலை அதிகம். ஆனால் புகைக்குழாயில் கசிவு இருந்தாலும், ஆக்ஸிஜன் சென்சார் கெட்டாலும் இதே எண் வரலாம். இன்ஜின் ஆயில் எரிந்து புகையில் கலந்தாலும் கன்வர்ட்டர் கெடும். காரணத்தை விட்டுவிட்டு கன்வர்ட்டரை மட்டும் மாற்றினால், புதியதும் வீணாகும்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் உள்ள காரில், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் பார்க்கலாம். எண் பி0302 ஆக மாறினால் குற்றவாளி காயில்தான். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என்று அடுத்ததைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு பாகமும் வாங்கத் தேவையில்லை.

சிமிட்டினால் ஆபத்து

விளக்கு நிலையாக எரிந்து, கார் வழக்கம்போல் ஓடினால், பதற்றமின்றி விரைவில் பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டுச் சிமிட்டினால் தாமதிக்கக் கூடாது. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதை அளவுக்கு மீறிச் சூடாக்கும். உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். ஆயில் அழுத்தத்தையோ இன்ஜின் வெப்பத்தையோ காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தாலும் அப்படியே. நிறுத்தியதும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

அழிப்பதற்கு முன் எண்ணை எழுதி வாங்க வேண்டும். கோளாறு தெரிந்த நேரத்தில் காரின் வேகம், இன்ஜின் வெப்பம் போன்றவை என்ன என்பதும் கணினியில் பதிவாகியிருக்கும். அதையும் குறித்துக்கொள்வது நல்லது. பேட்டரி இணைப்பைக் கழற்றினால் பல கார்களில் இந்தத் தடயம் முழுவதும் அழிந்துவிடும். பிறகு, "அண்ணே, எந்தச் சோதனையை வைத்து இந்தப் பாகம் கெட்டது என்று சொல்கிறீர்கள்?" என்று தயங்காமல் கேட்க வேண்டும். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

பழைய கார் வாங்குவோருக்கும் இது உதவும். விளக்கு எரியாத கார் என்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. ஸ்கேன் கருவியில் பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால், அண்மையில் யாரோ பதிவை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம். காரை நன்றாக ஓட்டிப் பார்த்து, மறுபடியும் ஸ்கேன் செய்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

பழுது உண்மையில் தீர்ந்துவிட்டால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தெரியாதபோது பொதுவாக அந்த விளக்கு தானாகவே அணைந்துவிடும். அப்படி அணைவதுதான் செலவழித்த பணத்திற்குச் சாட்சி.