ஆண் செடியை ஒழித்துவிட்டால் புது ரகம் எங்கிருந்து வரும்?

உத்தராகண்ட் அரசு 2018-ல், நாருக்கும் விதைக்கும் பயன்படும் ஹெம்ப் வகைக் கஞ்சாவைப் பயிரிட உரிமம் வழங்கத் தொடங்கியது. போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. அங்கேதான் சிக்கல். குமாவுன், கர்வால் மலைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவரும் செடிகளில் பல, இந்த வரம்புக்குள் அடங்குவதில்லை. அடங்கும் ரகத்தைப் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். அந்த வேலையில் இறங்குபவர்கள் முதலில் தேடுவது, பூவுக்கான கஞ்சா சாகுபடியில் பிடுங்கி எறியப்படும் ஆண் செடியை.

ஆண் வேறு, பெண் வேறு

பனை, பப்பாளி போலக் கஞ்சாவிலும் ஆண் பூவும் பெண் பூவும் பெரும்பாலும் தனித்தனிச் செடிகளில்தான் பூக்கும். செடியின் 20 குரோமோசோம்களில் ஒரு ஜோடி பாலைத் தீர்மானிக்கிறது: எக்ஸ்-எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்-ஒய் என்றால் ஆண். இயற்கையான கலப்பில் கிடைக்கும் வழக்கமான விதைகளை விதைத்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆணும் பெண்ணும் முளைக்கும். எது எது என்று விதையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூக்கத் தொடங்கும்போது கணுக்களை உற்றுப் பார்த்தால் தெரியும். ஆண் செடியில் சின்னஞ்சிறு உருண்டை மொட்டுகள் கொத்தாகத் தொங்கும். பெண் செடியில் கூம்பு போன்ற பச்சை உறைக்குள்ளிருந்து இரண்டு வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது நாற்றுப் பருவத்திலேயே இலைத் துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பியும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஆண் செடி முந்திப் பூக்கும். மகரந்தத்தைக் காற்றில் கொட்டிவிட்டு, பெண் செடிக்கு முன்பே காய்ந்துவிடும். அந்த மகரந்தம் பல கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. தாவரங்களுக்கும் ஆண், பெண் உண்டு என்பதைச் சோதனை வழியே நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் கேமராரியஸ், 1694-ல் வெளியிட்ட ஆய்வில் கஞ்சாச் செடியையும் சோதித்திருந்தார்.

நௌகாவின் ‘போத்தார்’கள்

போதை தரும் பிசினைச் சுரக்கும் நுண்சுரப்பிகள் பெண் பூங்கொத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. மகரந்தம் படாதவரை பூ பெருகும், பிசினும் கூடும். மகரந்தம் பட்டதும் செடியின் சத்து விதைக்குப் போய்விடும். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில், இப்போது வங்கதேசத்தில் உள்ள நௌகாவ் பகுதி விவசாயிகளுக்கு இது அத்துப்படி. ஆண் செடிகளை அடையாளம் கண்டு களைவதற்கென்றே ‘போத்தார்’ எனப்படும் கைதேர்ந்தவர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். 1893-94-ல் விசாரணை நடத்திய இந்திய ஹெம்ப் மருந்துகள் ஆணையத்தின் அறிக்கையில் இந்த வேலை விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

டெல்லி ஆய்வகத்தின் பங்கு

ஆணைக் களையும் வேலையே இல்லாமல் செய்துவிட்டது பிற்கால அறிவியல். அதில் டெல்லி பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எச்.ஒய். மோகன் ராமுக்கு முக்கியப் பங்குண்டு. காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவைச் செடிக்குள் வெளியிடும் எத்ரல் என்ற மருந்தைக் கொடுத்தால், ஆண் கஞ்சாச் செடியிலும் பெண் பூ வருவதை 1970-ல் அவர் குழு காட்டியது. 1982-ல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறு. எத்திலீனின் செயலை முடக்கும் வெள்ளி தயோசல்பேட் கலவையால் பெண் செடியில் ஆண் பூக்கள் தோன்றின. அவற்றின் மகரந்தத்துக்கு விதை பிடிக்கவைக்கும் திறனும் இருந்தது.

பெண் செடி தரும் மகரந்தத்தில் ஒய் குரோமோசோம் இருக்காது. அதை இன்னொரு பெண் செடியில் சேர்த்தால் பிறப்பவை ஏறக்குறைய எல்லாமே பெண். 1990-களில் நெதர்லாந்து விதை நிறுவனங்கள் இத்தகைய ‘பெண்ணாக்கிய விதை’களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. பூவுக்காக மட்டும் பயிரிடுபவர்களுக்கு அது பெரிய வசதி.

வழக்கமான விதை ஏன் வேண்டும்?

ரகம் உருவாக்குபவரின் கணக்கு வேறு. ஒரே செடியைத் தன்னோடு தானே கலக்கச் செய்தும் பெண்ணாக்கிய விதை எடுக்கலாம். ஆனால் கஞ்சா இயல்பிலேயே அயல்கலப்பில் வாழும் செடி. உள்கலப்பு தொடர்ந்தால் சில தலைமுறைகளிலேயே வீரியம் குன்றும். பெண்ணாக்கிய விதையை மட்டும் நம்பினால் அந்த வழியில் ஆண் செடியே இல்லாமல் போய்விடும். நோய் எதிர்ப்பு, குளிர் தாங்கும் குணம், நாரின் நீளம் என அடுத்த ரகத்துக்குத் தேவையான குணங்களைத் தேட, விரிந்த மரபு வளம் வேண்டும். ஆணும் பெண்ணும் கலந்து வளரும் வழக்கமான விதைக் கூட்டத்தில்தான் அது கிடைக்கும்.

நல்ல ஆணைத் தேர்வது பொறுமையான வேலை. காளை பால் கறக்காது. அதன் கன்றுகள் வளர்ந்து கறக்கும் பாலை வைத்துத்தான் காளையின் தரத்தைச் சொல்வார்கள். ஆண் செடியின் உயரம், நார், பூக்கும் காலம் ஆகியவற்றை நேரில் அளக்கலாம். ஆனால் பெண் பூவில் வெளிப்படும் குணங்களை, காளையைப் போலவே, அதன் பெண் வாரிசுகளை வளர்த்துத்தான் அறிய முடியும்.

சட்டம் சொல்வது

இதெல்லாம் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல் சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தமிழ்நாட்டுக்கும் இதே சட்டம்தான். நாருக்கும் விதைக்கும் சாகுபடியை அனுமதிக்கும் அதிகாரத்தை இதன் 14-வது பிரிவு அரசுக்குத் தருகிறது. ஜம்முவில் உள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் உரிமம் பெற்று ஆய்வு நடத்திவருகிறது.

மலையில் இன்னொரு தலைவலியும் உண்டு. டிஎச்சி குறைந்த ரகத்தை விதைத்தாலும், சுற்றிலும் தானாக முளைத்து நிற்கும் ஆண் செடிகளின் மகரந்தம் காற்றில் வந்து படியும். அந்த வயலில் எடுத்த விதையை மறுபோகத்துக்கு விதைத்தால், டிஎச்சி வரம்பைத் தாண்டக்கூடும். விவசாயி குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். ஆகவே உரிமம் மட்டும் போதாது. மலைச் செடிகளின் விதைகளைத் திரட்டி, இரு பாலையும் தேர்ந்தெடுத்து, தொலைவான தனி வயல்களில் பெருக்கும் அரசு விதைப் பண்ணைகள் வேண்டும். இல்லையென்றால், உள்ளூர்ச் செடி கண்ணெதிரே காடாக வளர்ந்து கிடக்க, விவசாயி ஆண்டுதோறும் வெளியூர் விதைக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பார்.