மீன் வாடையும் புளிப்பும்

மீன் கழுவும்போது புளியோ எலுமிச்சையோ தேய்த்தால் கவிச்சி அடங்கிவிடும். அந்த வாடையைக் கிளப்பும் டிரைமெத்திலமைன் காரத்தன்மை உள்ளது. அமிலம் பட்டதும் அது உப்பாக மாறி ஈரத்திலேயே தங்கிவிடுகிறது, மூக்குவரை வருவதில்லை. பிறப்புறுப்பில் வாடை என்று மருத்துவரிடம் கூசிக் கூசிச் சொல்லும் பெண்கள் பலருக்கு நடப்பது, இதே வேதியியல் தலைகீழாக நடப்பதுதான்.

யோனிக்கு லேசான புளித்த வாசனை இயல்பு. ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் வயதில் அதன் உட்சுவரில் கிளைக்கோஜன் சேர்கிறது. அதை உணவாக்கி லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை நிற்பது அவற்றின் தயவில். 1892லேயே ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் இவற்றை விவரித்துவிட்டார்.

இவை குறைந்து கார்ட்னரெல்லா போன்றவை பெருகும் நிலைக்கு பாக்டீரியல் வெஜைனோசிஸ் என்று பெயர். நீர்த்த, சாம்பல் கலந்த வெள்ளைப்படுதல் இருக்கும். புளிப்பு குறையும், டிரைமெத்திலமைன் உருவாகும். விந்தும் மாதவிடாய் இரத்தமும் சற்றே காரத்தன்மை உள்ளவை. உடலுறவுக்குப் பிறகும் மாதவிலக்கின்போதும் வாடை தூக்கலாக இருப்பது அதனால்தான். மருத்துவர்கள் இதையே சோதனையாக்கிவிட்டார்கள்: கண்ணாடித் தகட்டில் எடுத்த கசிவின் மேல் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. மறுகணம் மீன் வாடை குப்பென்று எழுந்தால் சந்தேகம் வலுக்கிறது.

ஆக, இது அழுக்கினால் வருவதல்ல. சோப்புப் போட்டு உள்ளே கழுவுவது, இருக்கிற நல்ல பாக்டீரியாக்களையும் விரட்டிவிடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினாலே போதும். வாசனைத் திரவம் விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

வாடைக்கு வேறு காரணங்களும் உண்டு. டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி தொற்றினால் நுரைத்த, மஞ்சள்பச்சைக் கசிவு வரலாம். அழுகல் நாற்றம் என்றால் உள்ளே மறந்துபோன டேம்பானாக இருக்கலாம். பூஞ்சைத் தொற்றில் திப்பி திப்பியாக வெள்ளை படும், அரிப்பு உயிரை எடுக்கும், ஆனால் வாடை பெரிதாக இராது. ஆகவே வாடைக்கு மருந்துக்கடையில் பூஞ்சை மாத்திரை கேட்டு வாங்குவது வீண்.

வாடை சில நாளில் போகாவிட்டாலோ, கசிவின் நிறம் மாறினாலோ, சிறுநீர் கழிக்க எரிந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் காத்திருக்கவே வேண்டாம். குறைப்பிரசவத்தோடு வெஜைனோசிஸுக்குத் தொடர்பு உண்டு. காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்தால் அன்றே போக வேண்டும். மாதவிடாய் நின்றபின் இரத்தம் கலந்து நாற்றத்தோடு படுவதை ‘வயசுக் கோளாறு’ என்று தள்ளிப்போடக் கூடாது. கருப்பைவாய்ப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

வெஜைனோசிஸுக்கும் டிரைக்கோமோனாஸுக்கும் சிகிச்சை பெரும்பாலும் மெட்ரோனிடசோல்தான். குணமானாலும் திரும்ப வருவதுதான் தலைவலி. டிரைக்கோமோனாஸ் என்றால் கணவருக்கும் சேர்த்தே மருந்து கொடுப்பது பழைய வழக்கம். வெஜைனோசிஸ் விஷயத்தில் 2025இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு புதிய செய்தி சொன்னது: பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்கு அது திரும்பியது; துணைவருக்கும் கொடுத்தபோது 35 சதவீதம்தான். அடுத்த முறை மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போகலாம்.